தோளில் மூன்று எழுத்து

அத்தியாயம் ஒன்பது

2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை. வானத்தில் ஒரு முகிலும் இல்லை. சோளகக் காற்று விடியற்காலை தொடக்கம் தென்கடலைக் கிளறியெடுத்து, தாழ்வுபாட்டுக் கரை முழுவதையும் மணலாலும் உப்பாலும் அறைந்துகொண்டிருந்தது. படகுகள் மேட்டில் ஏற்றப்பட்டுக் கிடந்தன. காயப்போட்ட கருவாட்டைக் காகத்திடமிருந்து காப்பதைக் காட்டிலும் காற்றிடமிருந்து காப்பதே பெண்களுக்குப் பெரும்பாடாக இருந்தது.

அக்காற்றை எதிர்த்து மூச்சிரைத்தவாறு ஒரு சிவப்பு ஓட்டோ வந்துகொண்டிருந்தது. பின்னிருக்கையில், முக்காட்டின் ஓரத்தை வாயோடு சேர்த்துப் பிடித்தபடி சுலைஹா அமர்ந்திருந்தாள். காப்புறுதி நிறுவனமொன்றில் பொய்யான இழப்புகளைக் கண்டறியும் உத்தியோகத்தை நெடுங்காலம் பார்த்து, அதை உதறிவிட்டு, மன்னார் நகரில் ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் சொந்தமாகத் துப்பறியும் கந்தோர் திறந்தவள் அவள். ஓட்டோவைச் செலுத்தியவன் பேசாலையைச் சேர்ந்த றொட்னி. அவளுக்குச் சாரதியும் அவனே, உதவியாளனும் அவனே, கேளாமலே கருத்துரைக்கும் ஆலோசகனும் அவனே.

"மிஸ், ஒரு சதக் காசு துலைஞ்சதுக்குத் துப்பறியப் போற ஆக்கள் இந்த உலகத்திலேயே நாங்கள்தான். ஓட்டோவுக்கு அடிச்ச பெற்றோல் அதைவிடக் கூட."

"அது அமெரிக்கச் சதம், றொட்னி."

"அமெரிக்காவில பிறந்தாலும் சதம் சதம்தானே மிஸ்."

சுலைஹா சிரிக்கவில்லை. காலையில் தொலைபேசியில் பீற்றர் என்பவர் முழங்கிய முழக்கத்துக்குப் பின்னால், அடக்கி அடக்கி அழும் ஒரு பெண்குரலையும் அவள் கேட்டிருந்தாள். வீட்டில் ஒரு பொருள் காணாமற்போனால், அந்த வீட்டில் உறவில்லாத ஆளின் மேல்தான் முதற்பார்வை விழும் என்பதை அவள் தன் தொழிலில் பலமுறை கண்டவள். அப்பார்வை விழுந்த பிறகு உண்மையைத் தேடுவோர் மிகச் சிலர்.

பீற்றரின் வீடு கடற்கரைக்கு முதுகைக் காட்டி நின்றது. சரக்குக் கப்பல்களின் இயந்திர அறையில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த அவரை ஊரார் கப்பல் பீற்றர் என்றே அழைத்தனர். அவருடைய மண்டபத்தில், தெற்கு யன்னலோரம் ஓர் அலுமாரி இருந்தது. அதனுள் படங்களோ பீங்கான்களோ இல்லை. அமெரிக்க நாணயங்கள் மட்டுமே இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு சிறு வெள்ளை அட்டையின் நடுவே, கண்ணாடித்தாள் வட்டத்துக்குள், நான்கு மூலையும் ஸ்ரேப்ளர் பின்களால் இறுக்கப்பட்டு உறங்கிக்கொண்டிருந்தது.

மேசையருகே கொழும்பிலிருந்து வந்த நாணய வியாபாரி அகிலன், தம் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். குசினி வாசலில் ஓர் இளம்பெண் சுவரோடு சுவராக நின்றாள். அவள் பெயர் அனுஜா. இந்தியாவின் மண்டபம் அகதி முகாமில் பிறந்து, பெற்றோருடன் திரும்பி வந்து, இப்போது முருங்கன் பக்கம் குடியிருப்பவள். பக்கவாதத்தால் பேச்சும் வலப்பக்கமும் இழந்து படுத்திருந்த பீற்றரின் மனைவி லூசியாவைப் பராமரிப்பதே அவள் வேலை.

பீற்றர் சொன்ன கதை நீளமானது. சுருக்கம் இதுதான். அந்த அலுமாரியின் அரசன் ஒரு செப்புச் சதம்: ஆண்டு 1914, அதன் கீழே டென்வர் நகரத்து அச்சுச்சாலையின் குறியாகிய D என்ற எழுத்து. அவ்வகைச் சதம் அரிது. லூசியாவைக் கொழும்புக்குக் கொண்டுபோய் நல்ல வைத்தியம் செய்விப்பதற்காக, உயிராய்ப் பேணிய அந்த நாணயத்தை விற்க அவர் துணிந்தார். அகிலன் வந்தார், கண்ணாடியை வைத்தார், முகம் சுளித்தார். உள்ளே இருந்தது போலி.

"அது சும்மா காசில்லை, தங்கச்சி. எண்பத்தேழில போல்ற்றிமோர் துறைமுகத்தில நான் எடுத்த முதல் சம்பளம். அந்தச் சம்பளத்தில ஒரு சிகரெட் பெட்டி வாங்கி, மிச்சமா என்ர கையில விழுந்த முதல் காசு" என்றார் பீற்றர். அவருடைய குரலில் இழப்பைக் காட்டிலும் அவமானமே மிகுந்திருந்தது.

போலி என்று எப்படித் தெரிந்தது எனச் சுலைஹா வினவினாள். அகிலனுக்கு அந்தக் கேள்வி இனித்தது. அமெரிக்க நாணயங்களில் அவற்றை வடித்த சிற்பிகள் தம் பெயரின் முதலெழுத்துகளை, மணலில் எறும்பு ஊர்ந்த தடம்போல எங்கேனும் ஒரு மூலையில் ஒளித்து வைப்பார்கள் என்று அவர் தொடங்கினார். பத்துச் சதத்தில் இருக்கும் JS என்பது ஜோன் சின்னக் என்ற சிற்பி. அதை ஸ்டாலினின் பெயரென்று எண்ணி ஒரு காலத்தில் அந்நாட்டு மக்களே அஞ்சினார்களாம். ஐந்து சதத்தை வடித்த ஃபீலிக்ஸ் ஷ்லாக்கின் எழுத்துகளோ 1966இல்தான் நாணயத்தில் ஏறின. 1982ஆம் ஆண்டின் அரை டொலர் சிலவற்றில் ஃபிராங்க் காஸ்பரோவின் FG அழிந்துபோனது. அழிந்ததனாலேயே அவற்றுக்கு விலை ஏறியது.

"எங்கட பக்கம் திருவிழா நோட்டீசில ஒருத்தற்ர பேர் விடுபட்டா அடிபாடு ஏறும். அங்க விலை ஏறுதாக்கும்" என்றான் றொட்னி.

அகிலன் அதைக் கேளாதவர்போல் மேலே சென்றார். லிங்கன் தலை பொறித்த சதத்தை வடித்தவர் விக்ரர் டேவிட் பிரென்னர். 1909இல் நாணயம் வெளிவந்தபோது தம் மூன்றெழுத்தாகிய VDBயைப் பின்பக்கத்தில் பெரிதாகப் போட்டார். விளம்பரம் செய்கிறார் என்று பலர் கூச்சலிடவே, சில நாள்களில் எழுத்துகள் நீக்கப்பட்டன. பிறகு 1918இல்தான் அவை மீண்டன. இம்முறை லிங்கனின் தோள் விளிம்பில், கண்ணுக்கு எட்டாத சிறுமையில்.

"இடையில அடிச்ச காசிலே எழுத்து இருக்க ஏலாது. 1914 காசெண்டா தோள் வெறுமையா இருக்க வேணும். இதைப் பாருங்கோ" என்று அவர் கண்ணாடியைச் சுலைஹாவிடம் நீட்டினார்.

அவள் குனிந்து நோக்கினாள். தோளின் ஓரத்தில் மூன்று எழுத்துகள் தெளிவாக இருந்தன. 1944ஆம் ஆண்டின் மலிவான சதமொன்றை எடுத்து, நடுவிலுள்ள நான்கை அராவி ஒன்றாக்கியிருக்கிறார்கள் என்று அகிலன் விளக்கினார். ஒன்பதுக்கும் ஒன்றுக்கும் நடுவே அளவுக்கு மீறிய இடைவெளி இருப்பதும் அதற்குச் சான்று. அவ்வாண்டுச் சதங்கள் போர்க்களத்து ரவைக் கோதுகளையும் உருக்கி வார்க்கப்பட்டவை என்று அவர் சொன்னபோது, அனுஜா தலை நிமிர்ந்து அந்தச் சிறு செம்பை ஒரு கணம் பார்த்தாள். மறுபடியும் தலை குனிந்தாள்.

கடந்த ஆகஸ்ட் மாதம் பீற்றர் அனுப்பிய படமொன்று அகிலனின் கைபேசியில் இருந்தது. அதில் லிங்கனின் தோள் வெறுமையாக இருந்தது. ஆகவே ஆகஸ்டில் அசல் இருந்தது, இப்போது இல்லை.

"ஆகஸ்டுக்குப் பிறகு இந்த வீட்டுக்குள்ள வந்த ஒரே ஆள் இவள்" என்று பீற்றர் குசினி வாசலைச் சுட்டினார். "பின்னேரம் அந்தோனியார் கோயில் மணி அடிக்கும் மட்டும் பொறுப்பன். அதுக்குப் பிறகு பொலிசுக்குப் போறன்."

அனுஜா அப்போதுதான் வாய் திறந்தாள். சைப்பிரஸில் முதியோரைப் பராமரிக்கும் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. இந்தக் கிழமை பொலிஸ் நற்சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். களவு முறைப்பாட்டில் பெயர் ஏறினால் அந்த வழி அடைபடும். தங்கைமாரின் படிப்பும் வீட்டின் கூரையும் அந்த வேலையையே நம்பியிருந்தன. இவற்றையெல்லாம் அவள் கெஞ்சலாகச் சொல்லவில்லை. ஒரு நோயாளியின் நிலையை வைத்தியரிடம் ஒப்புவிப்பதுபோல் வரிசையாகச் சொன்னாள்.

"நான் எடுக்கேல்லை, அங்கிள். அந்த அலுமாரியைத் துடைக்கிறதுக்கும் நீங்கள் என்னை விடேல்லையே" என்று முடித்தாள்.

சுலைஹா அலுமாரியருகே சென்றாள். போலி இருந்த அட்டையைக் கையிலெடுத்தவள், நாணயத்தை விட்டுவிட்டு அட்டையின் மூலைகளையே நெடுநேரம் பார்த்தாள். பிறகு மற்ற அட்டைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தெற்கு யன்னலால் வரும் உப்புக்காற்று தன் வேலையைச் செவ்வனே செய்திருந்தது. பழைய அட்டைகளின் பின்கள் துருவேறி, தொட்டால் உதிரும் நிலையில் இருந்தன. ஒரேயொரு அரை டொலரின் பின்களில் மட்டும் வேர்க்குருபோல் ஆங்காங்கே சில புள்ளிகள். அந்தப் பின்களை எப்போது அடித்தீர்கள் என்று கேட்டாள்.

புதுவருடத்தன்று என்றார் பீற்றர். நத்தார் முடிந்த கையோடு லூசியா விழுந்து ஆசுப்பத்திரியில் கிடந்த நாள்கள் அவை. மனம் ஆறாமல், கிழிந்திருந்த ஓர் அட்டையை மாற்றிப் புதுப் பின் அடித்தாராம். அனுஜா அதற்குப் பிறகு, பொங்கல் கிழமையில் வேலைக்கு வந்தவள்.

சுலைஹா இரண்டு அட்டைகளையும் அருகருகே வைத்தாள். போலியிருந்த அட்டையின் ஒவ்வொரு மூலையிலும் இரண்டு சோடித் துளைகள் இருந்தன. அதாவது ஒருமுறை பிரித்து, வேறு பின்கள் அடித்திருக்கிறார்கள். அந்த வேறு பின்களின் துரு, பழையவற்றைவிடக் குறைவு. புதுவருடப் பின்களைவிட மிக அதிகம். கால்கள் கபில நிறமாகிக் கரைந்தே போயிருந்தன.

"ஐயா, ஒரே யன்னல், ஒரே காத்து. புதுவருசத்துப் பின்னுக்கு இப்பத்தான் துரு பிடிக்கத் தொடங்குது. இந்தப் பின் அதுக்கு எவ்வளவோ முந்தி அடிச்சது. மாரி முழுக்க நனைஞ்சிருக்கு. இந்தப் பிள்ளை உங்கட படலையைத் திறக்க முந்தியே காசு மாறியிட்டுது."

"அவள் துருப்பிடிச்ச பின்னையே கொண்டந்து அடிச்சிருந்தா?" என்றார் பீற்றர்.

றொட்னி தரையில் உதிர்ந்து கிடந்த பழைய பின்னொன்றை எடுத்து விரலால் வளைத்தான். அது 'டிக்' என்று ஒடிந்தது. "அடிச்சுப் பாருங்கோ, அங்கிள்" என்று மீதியை அவரிடம் பணிவோடு நீட்டினான்.

பீற்றர் வாங்கவில்லை. துரு வந்து சாட்சி சொல்லுமோ என்று உறுமினார். அசல் காசைக் கொண்டுவந்து காட்டுங்கள், அதன் பிறகு நம்புகிறேன் என்றார். சுலைஹாவுக்கு அவர்மேல் கோபம் எழவில்லை, சங்கடமே எழுந்தது. ஏனெனில், அனுஜா வருவதற்கு முன் அந்த வீட்டில் வாழ்ந்தவர்கள் இருவர் மட்டுமே. அதை அவரும் கணக்கிட்டிருக்க வேண்டும்.

அவள் லூசியாவின் அறைக்குள் சென்றாள். தலையணையில் ஒரு மெலிந்த முகம். அதில் கண்கள் மட்டும் முழு உயிரோடு இருந்தன. அச்சமயம் தொலைவில் அந்தோனியார் சிற்றாலயத்து ஒலிபெருக்கியை யாரோ தட்டிச் சரிபார்க்கும் ஓசை கேட்டது. லூசியாவின் முகம் வாசலை நோக்கித் திரும்பிற்று. கண்ணீர் காதுவரை வழிந்தது. இடக்கை படுக்கை விரிப்பைக் கசக்கியது.

செவ்வாய்க்கிழமை தோறும் இப்படித்தான் என்று அனுஜா தாழ்ந்த குரலில் சொன்னாள். நோவென்று நினைத்துத் தைலம் பூசுவாளாம். சாப்பாட்டையும் அன்றைக்கு லூசியா அன்ரி தள்ளிவிடுவாராம். சுலைஹா அதை மனதில் முடிந்துகொண்டாள். வெளியே வந்து, இந்த வீட்டு நகைவேலைகளைச் செய்பவர் யார் என்று மட்டும் பீற்றரிடம் கேட்டாள். லூசியாவின் தாலியைச் செய்தவர் மன்னார் நகரத்து இரத்தினம் என்று அவர் சலிப்போடு விடையளித்தார்.

ஓட்டோ நகரை நோக்கி விரைந்தது. நான்கை ஒன்றாக்க எந்தக் கை வேண்டும் என்று சுலைஹா உரக்கச் சிந்தித்தாள். ஒரு மயிரிழை தவறினாலும் இலக்கம் காயப்பட்டுக் காட்டிக்கொடுக்கும். அராவிப் பழகிய, பொன்னில் பழகிய கை வேண்டும்.

"அப்ப நான் தப்பினன். என்ர கைக்கு என்ர மீசையையே ஒழுங்கா வெட்டத் தெரியாது" என்றான் றொட்னி.

இரத்தினத்தின் பட்டறை, புடவைக்கடை இரண்டுக்கு நடுவே அகப்பட்ட ஒரு குறுகிய அறை. அவர் பருத்த மனிதர். தம் தொழிலைப் பற்றித் தாமே புகழ்ந்துரைக்க ஒருநாளும் தயங்காதவர். சுலைஹா பீற்றரிடம் வாங்கிவந்த போலி நாணயத்தை அவர்முன் வைத்து, இவ்வளவு நுட்பமாக அராவக்கூடியவர் யாழ்ப்பாணத்தில் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டேன் என்றாள். அவர் கண்ணில் குழாய்க் கண்ணாடியைப் பொருத்தினார். அடுத்த கணம் அவர் தொந்தி குலுங்கிற்று.

"யாழ்ப்பாணமோ? என்ர வேலையை எனக்கே கொண்டந்து காட்டி, யாழ்ப்பாணத்தான்ர எண்டு சொல்லுறியளே, பிள்ளை. இந்த ஒண்டின்ர காலைப் பாருங்கோ. மன்னாரில இதை இப்பிடி நிறுத்த இன்னொருத்தன் இருக்கிறானோ?"

பெருமை திறந்துவிட்ட வாயை மூடுவது கடினம். அவர் முழுவதையும் சொன்னார். போன வருடம் நவம்பரில், கல்லறைத் திருநாள் கிழமையில் லூசியா வந்தாராம். கையில் இரண்டு செம்புக் காசு; ஒன்று கறுத்த பழங்காசு, மற்றது புருசனின் சில்லறையில் எடுத்ததாம். ஒன்றைப் பார்த்து மற்றதைச் செய்யச் சொன்னாராம். புருசனோடு ஒரு பகிடி விடப்போவதாகச் சொன்னபடியால் தாமும் சிரித்துக்கொண்டு செய்து கொடுத்தாராம். பழைய காசு கறுத்துக் கிடந்ததால் அதை அமிலத்தில் தோய்த்து மினுக்கித் தரவா என்று கேட்டபோது, லூசியா சட்டென்று அதைப் பறித்துக்கொண்டாராம்.

"'வேண்டாம் அண்ணை, அதை நான்தான் என்ர கையால புளி போட்டு மினுக்க வேணும்' எண்டவா. கூலியைத் தந்திட்டுப் போட்டா."

வெளியே வந்ததும் சுலைஹா ஓட்டோவின் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். விற்பதற்காகத்தான் எடுத்திருப்பாரோ, யாருக்கு விற்றார், பணம் எங்கே போனது என்று அவள் அடுக்கிக்கொண்டு போனாள். றொட்னி ஓட்டோவை இயக்காமல் கைப்பிடியில் சாய்ந்து நின்றான். பகிடி ஒன்றும் வராததால் அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் முகத்தில் இருந்த விளையாட்டு முழுவதும் வடிந்திருந்தது.

"மிஸ், விக்கிற சாமானை ஆரும் தன்ர கையாலதான் மினுக்க வேணும் எண்டு நிக்க மாட்டினம். எங்கட ஆக்கள் புளி போட்டு மினுக்கிறது அந்தோனியாருக்குக் குடுக்கிறதை. அழுக்கோட ஒண்டும் குடுக்கக் கூடாது. நேர்த்திக்கடன் வைச்ச ஆள்தான் தன்ர கையால தேய்க்க வேணும்."

"என்ன நேர்த்தி?"

"எனக்குத் தெரியாது. ஆனா எங்கட வழக்கம் இது. புதுப் படகின்ர முதல் மீன்பாடு கோயிலுக்கு. நான் இந்த ஓட்டோவில உழைச்ச முதல் காசைக்கூட அம்மா வாசலிலேயே மறிச்சு வாங்கிப் போட்டா. முதல் உழைப்பு அந்தோனியாருக்கு."

முதல் சம்பளம். அதில் மிஞ்சிய முதல் காசு. காலையில் பீற்றர் தம் வாயாலேயே சொன்ன சொற்கள் சுலைஹாவின் செவியில் மறுபடி ஒலித்தன. செவ்வாய்தோறும் லூசியா ஆலயத்து ஓசைக்கு அழுவதும், உண்ண மறுப்பதும் எதற்கென்று இப்போது விளங்கிற்று. அவள் கைபேசியை எடுத்து அனுஜாவை அழைத்தாள். லூசியாவைச் சக்கர நாற்காலியில் அமர்த்தி அந்தோனியார் சிற்றாலயத்துக்குக் கொண்டுவரச் சொன்னாள். பீற்றரும் அகிலனும் கூடவே வர வேண்டும் என்றாள்.

சிற்றாலயம் கடற்கரைப் பாதையின் முடிவில் இருந்தது. செவ்வாய் வழிபாட்டுக்காக வந்திருந்த பத்துப் பன்னிரண்டு பேர் மெழுகுதிரியைக் காற்றிடமிருந்து உள்ளங்கையால் மறைத்து ஏற்றிக்கொண்டிருந்தனர். அந்தோனியாரின் சுரூபத்தின் காலடியில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் நேர்த்திக்காகப் படைக்கப்பட்ட வெள்ளிப் படகுகள், வெள்ளிக் கண்கள், ஒரு சிறு கால், ஒரு தொட்டில். அவற்றின் நடுவே, நேற்றுத்தான் அச்சிலிருந்து விழுந்ததுபோலச் சிவந்து ஒளிரும் ஒரு செப்புக் காசு.

ஆலயத்தைப் பராமரிக்கும் முதியவர் பூட்டைத் திறந்தார். வெளிநாட்டிலிருந்து வந்த யாரோ புதுக்காசு போட்டிருக்கிறார்கள் என்றே எல்லோரும் எண்ணியிருந்தார்களாம். பழைய, கறுத்த காசொன்றைத் தேடுபவர் எவரும் அந்தப் பளபளப்பை இரண்டாம் முறை பார்த்திருக்க மாட்டார் என்று சுலைஹா நினைத்தாள்.

அகிலன் கண்ணாடியை வைத்தார். ஆண்டு 1914. கீழே D. தோள் வெறுமை.

"அசல்" என்றார் அவர். பீற்றரின் கை தூணைத் தேடிப் பிடித்தது. ஆனால் அகிலன் கண்ணாடியை மடித்துப் பைக்குள் வைத்தார். அந்தச் செயலே மீதியைச் சொல்லிற்று. நூறு வருடமாக இந்தச் செம்பு தனக்கென்று வளர்த்த கபிலத் தோலுக்குத்தான் சேகரிப்பவர்கள் விலை கொடுப்பார்கள் என்று அவர் மெல்லச் சொன்னார். புளி அதைத் தின்றுவிட்டது. மினுக்கிய காசை வாங்குபவர் உண்டு. வைத்தியச் செலவுக்கு ஈடாக வாங்குபவர் இல்லை. போன தோலை எவராலும் திருப்பி ஒட்ட முடியாது.

பீற்றர் நாற்காலியில் இருந்த மனைவியைப் பார்த்தார். பார்த்தபடியே, யாரும் வினவாமலே கதையைச் சொல்லத் தொடங்கினார். அந்த முதற்பயணத்தில் கப்பல் புயலில் அகப்பட்டு, ஆறு கிழமை ஊருக்குச் செய்தி இல்லை. மணமாகி ஓராண்டுகூட நிறையாத லூசியா, புருசன் உயிரோடு வந்தால் அவருடைய முதல் உழைப்பை இந்தச் சுரூபத்தின் காலில் வைப்பதாக நேர்ந்துகொண்டார். அவர் வந்தார். காசின் அருமையை அறிந்த பிறகு கொடுக்க மனம் வரவில்லை. வருடந்தோறும் மனைவி கேட்டார். வருடந்தோறும் அவர் சிரித்துத் தட்டினார்.

அப்போது அனுஜாவின் கைபேசி ஒலித்தது. அவள் கேட்டாள். நாற்காலியின் பிடியை விட்டு மற்றவர்கள் பக்கம் திரும்பினாள்.

"எங்கட வீட்டு வாசலில பொலிஸ் ஜீப் நிக்குதாம். அப்பாவை விசாரிக்கினமாம். நான் நாட்டை விட்டு ஓடப் பாக்கிறன் எண்டு எழுதியிருக்காம்."

கோயில் மணி இன்னும் அடிக்கவில்லை. எல்லோரும் பீற்றரைப் பார்த்தனர். அவர் தரையைப் பார்த்தார்.

"காலமையே குடுத்திட்டன்" என்றார். "உங்களுக்குப் போன் எடுக்க முந்தியே."

அப்படியென்றால் மணி அடிக்கும்வரை பொறுப்பேன் என்றது வெறும் பேச்சு. துப்பறிவாளரை அழைத்தது காசைக் கண்டுபிடிக்கத்தான். குற்றவாளி யாரென்பது அவருக்கு ஏற்கெனவே முடிந்த விடயம். சுலைஹாவின் குரல் உயரவில்லை, குளிர்ந்தது. இப்போதே போய் முறைப்பாட்டை மீளப் பெறும்படி சொன்னாள். காசு தவறி வைக்கப்பட்டிருந்தது, கிடைத்துவிட்டது என்று சொல்கிறேன் என்றார் பீற்றர்.

"அது போதாது, ஐயா. கிடைச்சிட்டுது எண்டு மட்டும் எழுதினா, பிடிபட்ட பிறகு இந்தப் பிள்ளை திருப்பிக் குடுத்தவள் எண்டுதான் வாசிப்பினம். நற்சான்றிதழ் குடுக்க மாட்டினம். ஆர் எடுத்தது எண்டு நீங்கள் எழுத வேணும்."

"இவவின்ர பேரையோ?" பீற்றர் நாற்காலியைச் சுட்டினார். "இப்பிடிக் கிடக்கிற மனிசியின்ர பேரைக் களவுப் புத்தகத்தில எழுதச் சொல்லுறியளோ? ஊர் முழுக்க நாளைக்கு என்ன கதைக்கும்?"

அனுஜா நாற்காலியருகே வந்தாள். அவள் குனிந்து, லூசியாவின் மடியிலிருந்து சரிந்த சால்வையைப் பழக்கத்தால் சரிசெய்தாள். அவள் கை விலகியதும் லூசியாவின் இடக்கை எழுந்தது. அது மெல்ல மேலே வந்து, விரல்களை மடக்கி, நெஞ்சில் அறைந்தது. ஒருமுறை. மறுமுறை. மூன்றாம் முறை அந்த ஓசை பின்வரிசையிலிருந்தவர்களுக்கும் கேட்டது. மெழுகுதிரியோடு நின்ற பெண்ணொருத்தி தன்னையறியாமல் முழந்தாளிட்டாள்.

சுலைஹாவுக்கு விளங்கவில்லை. றொட்னி அவள் காதருகே குனிந்தான். அவன் குரலில் பகிடியின் சுவடே இல்லை.

"பாவசங்கீர்த்தனம், மிஸ். பாவத்தை ஏத்துக்கொள்ளேக்க நாங்கள் இப்பிடித்தான் நெஞ்சில அடிப்பம். அவா தான் செய்ததெண்டு எல்லாருக்கும் முன்னால சொல்லுறா."

பீற்றர் மனைவியின் அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்தார். பிறகு அகிலனின் உள்ளங்கையிலிருந்த காசை எடுத்தார். அவர் அதைப் பைக்குள் போடுவார் என்றே சுலைஹா எதிர்பார்த்தாள். அவரோ அதை மறுபடியும் வெள்ளிப் படகுகளின் நடுவே வைத்து, கண்ணாடிக் கதவைத் தாமே சாத்தினார்.

"வா, பிள்ளை. நீயும் வா. உன்ர முகத்துக்கு முன்னால எழுதித் தாறன்" என்று அனுஜாவிடம் சொன்னார். சற்று நின்று, "நாளைக்கும் வழமைபோல வருவாய்தானே?" என்று கேட்டார்.

அனுஜா அவரை நேராகப் பார்த்தாள். காலை தொடக்கம் அவள் அப்படி யாரையும் பார்க்கவில்லை.

"உங்களுக்கு வேற ஆள் கிடைக்கும் மட்டும் வருவன், அங்கிள். அன்ரிக்காக வருவன். ஆனா என்னோட இனிக் கதைக்க வேண்டாம்."

பீற்றர் தலையசைத்தார். ஆலயத்து மணி அப்போதுதான் அடிக்கத் தொடங்கிற்று.

அகிலனும் ஆலயத்து முதியவரும் லூசியாவை வீட்டுக்குக் கொண்டுபோயினர். பின்னிருக்கையில் பீற்றரும் அனுஜாவும் இடையே ஒரு முழ இடைவெளி விட்டு அமர்ந்திருக்க, சுலைஹா றொட்னிக்குப் பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டாள். பொலிஸ் நிலையத்தில் பீற்றர் தம் கையாலேயே எழுதினார். மனைவியின் பெயர் வரும் இடத்தில் பேனை நின்றது. பிறகு முழுப்பெயரையும் எழுதி, நேர்த்தியையும் எழுதி, தாம் அதை மறுத்த வருடங்களையும் எழுதினார். பொறுப்பதிகாரி வாசித்தார், ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார், கோடு போட அடிமட்டத்தை எடுத்தார். காலையில் எழுதப்பட்ட அனுஜாவின் பெயரின்மேல் சிவப்புக் கோடு விழுந்தபோது, சுவரிலிருந்த மணிக்கூட்டில் நேரம் மாலை ஆறு மணி ஐம்பத்திரண்டு நிமிடம்.